ஆள் நிற்கிற இடத்தையும் வரையுங்கள்

கேள்வி: அண்ணாச்சி, பாளையங்கோட்டையில் கட்டிவரும் ஒரு கல்யாண மண்டபத்தில் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஏ.சி. டக்ட் (குளிர்காற்றுக் குழாய்) போட வந்தவர்களால் கீழ் ஹாலில் கால் வைக்க முடியவில்லை. மேல்தளத்துக்குக் கொடுத்த முட்டுகள் இன்னும் நிற்கின்றன. சுவரோரம் பூச்சு வேலைச் சாரம். கட்டடத்தின் கம்ப்யூட்டர் மாடலில் கிளாஷ் (மோதல்) எதுவும் இல்லை என்றுதானே சொன்னார்கள்? – வாசகர், மகாராஜநகர்

பதில்: தம்பி, முதலில் ஒன்று. டக்ட்காரர் அவசரப்படுத்துகிறார் என்று ஒரு முட்டுக்காலைக்கூட முன்னதாக உருவ விடாதீர்கள்.

அந்த மாடல் பார்த்தது டக்ட் பீமில் இடிக்கிறதா, பைப்போடு மோதுகிறதா என்பதை மட்டும்தான். முட்டும் சாரமும் ஆட்களும் மண்டபத் திறப்பு விழா அன்று இருக்கப்போவதில்லை. அதனால் யாரும் அவற்றை வரையவில்லை. வரைய வேண்டும், தேதியும் போட வேண்டும். மாடலோடு வேலை அட்டவணையைக் கோப்பதைத்தான் 'ஃபோர் டி' என்கிறார்கள்.

உங்கள் ஹாலையே எடுத்துக்கொள்வோம். தளத்தின் ஸ்பான், அதாவது தாங்கல்களுக்கு இடைப்பட்ட தூரம், 4.5 மீட்டருக்கு மேல் என்றால், சாதாரண போர்ட்லண்ட் சிமென்டுக்கு முட்டு நிற்க வேண்டும் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சொல்வது குறைந்தது 14 நாள். 6 மீட்டர் தாண்டிய பீமுக்கு 21 நாள். கான்கிரீட் போட்ட தேதியிலிருந்து அத்தனை நாளுக்கும் ஹாலை அடைத்து ஒரு பெட்டி வரையுங்கள். பூச்சுக்கு இன்னொரு பெட்டி: சாரத்தின் அகலம், அதை ஒட்டி சித்தாள் கலவைச் சட்டியோடு நடக்கும் வழி. டக்டுக்கு, துண்டுகளைத் தரையில் கிடத்திக் கோக்கும் இடமும் சேர வேண்டும். நேவிஸ்வொர்க்ஸ் என்ற மென்பொருளில், அட்டவணையை ஓட்டும் டைம்லைனரையும் மோதலைத் தேடும் கிளாஷ் டிடெக்டிவையும் இணைத்து ஓட்டினால், எந்தத் தேதியில் எந்த இரண்டு பெட்டிகள் மோதுகின்றன என்று காட்டிவிடும். காசு இல்லையென்றால் போன்சாய் என்ற மென்பொருள் இலவசம். நாள்வாரியாக ஓடவிட்டுக் கண்ணால் பார்க்கலாம்.

பெட்டியின் அளவை ஆபீசில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். மட்டப்பலகையைக் குறுக்கே இழுக்க எத்தனை அடி வேண்டும் என்பது மேஸ்திரிக்குத்தான் தெரியும்.

மோதல்கள் நிறையவே வரும். டைல்ஸ் அடுக்கிய இடத்தில் எலக்ட்ரீஷியன் ஏணி வந்தால் நகர்த்தி வைத்தால் போதும். சாமான் தூக்கும் ஹாய்ஸ்டில் ஏறும் சுமைக்குக் கீழே ஆள் நிற்கிற மோதல் அப்படியல்ல. மாடலில் முதலில் தேட வேண்டியது இதைத்தான். நாள் மிச்சம், காசு மிச்சம் எல்லாம் அதற்கு அப்புறம்.

ஐப்பசி, கார்த்திகையில் நம்மூரில் மழை பிடித்தால் வெளிப்பூச்சு ஆட்களை உள்ளே திருப்பிவிடுவார்கள். போன வாரம் சரியாக இருந்த மாடல் இந்த வாரம் உதவாது. சனிக்கிழமை சம்பளம் கொடுக்கும்போது எல்லா மேஸ்திரிகளும் ஒன்றாக இருப்பார்கள். அப்போது அடுத்த இரண்டு வாரத்தைத் திரையில் ஓடவிட்டுக் காட்டி, யார் எந்தத் தேதியில் உள்ளே வருகிறார் என்பதை அங்கேயே பேசி மாற்றிவிடுங்கள்.