மிதமான குளிர்கால மாதத்தில், நல்ல வெயில் அடித்த நாளுக்கு அடுத்த விடியலில் ஏன் அதிகம் குளிர்கிறது?

வெயில் அடிக்கிறது என்றால் வானத்தில் மேகம் இல்லை. குளிருக்குக் காரணமே அதுதான். பகலில் வாங்கிய வெப்பத்தைத் தரை இரவு முழுக்க அகச்சிவப்புக் கதிராக வெளியே விடுகிறது. மேகம் இருந்தால் அதில் பெரும்பகுதியை உறிஞ்சித் திரும்பக் கீழே அனுப்பும், போர்வை மாதிரி. இல்லையென்றால் வெப்பம் நேரே வானத்துக்குப் போய்விடும். குளிர்கால இரவு நீளமானது என்பதால் இழப்பும் அதிகம். சூரியன் உதித்த சிறிது நேரம் வரைகூட இழப்பே மிஞ்சும். குளிர் உச்சம் தொடுவது அப்போதுதான்.

காற்றும் முக்கியம். காற்று வீசினால் மேலே உள்ள வெதுவெதுப்பான காற்று கீழே கலந்துவிடும். அசைவே இல்லாத இரவில் குளிர்ந்த காற்று தரையோடு படிந்து, பள்ளமான இடங்களில் தேங்கும். வானிலை நிலையங்கள் வெப்பநிலையை அளப்பது தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில். அதனால் அறிக்கையில் 3 டிகிரி என்று இருந்தாலும் புல் நுனியில் உறைபனி வெள்ளையாகப் பூத்திருக்கலாம். செடி வளர்ப்பவர்கள் இதை மறக்கவே கூடாது.

நாளை எவ்வளவு குளிரும் என்று கணிக்க, மாலையில் பனிப்புள்ளியைப் பாருங்கள், அதாவது காற்றிலுள்ள ஈரம் பனித்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலையை. வெப்பநிலை அதைத் தொட்டதும் ஈரம் பனித்துளியாகப் படிந்து, மறைவெப்பத்தை (நீராவி நீராக மாறும்போது வெளிவரும் வெப்பத்தை) விடும், வெப்பநிலை இறக்கம் மட்டுப்படும்.