கூட்டிக்கொண்டு போனவர் யார்?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். நான் ஒரு மேல்நிலைப் பள்ளி ஆசிரியை. ஆண் உடையில் கப்பலேறி உலகைச் சுற்றிய ழான் பாரே பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் பதினோராம் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். பெண்கள் பிரெஞ்சுக் கடற்படைக் கப்பலில் பயணிக்கவே கூடாது என்று சட்டம் இருந்த காலம். 1766ல் புறப்பட்ட பிரெஞ்சுக் கடற்பயணி பூகன்வில்லின் பயணத்தில், தாவரவியலாளர் கொமெர்சோனின் பணியாளாக அவர் ஏறிக்கொண்டதைப் படித்தபோது வகுப்பு முழுக்க அமைதி.

முடித்ததும் ஒரு மாணவன் எழுந்தான். "மிஸ், அந்த கொமெர்சோன்தானே அவங்களைக் கூட்டிக்கிட்டுப் போனாரு? அப்போ தைரியம் அவருக்குத்தானே?" என்று கேட்டான். கேலி இல்லை, அவனுக்கு உண்மையாகவே சந்தேகம். பையன்கள் சிலர் தலையாட்டினார்கள். பெண்பிள்ளைகள் பக்கம் சத்தமே இல்லை.

அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தால் எனக்கே குழப்பமாக இருக்கிறது. நாம் கொண்டாடும் துணிச்சலான பெண்கள் பலருக்குப் பின்னால் ஓர் அப்பாவோ கணவரோ ஆசிரியரோ இருக்கிறார். அவர்கள் விட்டதால்தான் இவர்கள் போனார்கள் என்றால், எதைத் துணிச்சல் என்று பிள்ளைகளுக்குச் சொல்வது? (என் பெயரை வெளியிட வேண்டாம்.)

அன்புடன்,
ஒரு வாசகி

---

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்த மாணவனை நீங்கள் அதட்டி உட்கார வைக்கவில்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதி. அவன் கேட்டது நல்ல கேள்வி. பாரே பற்றி எழுதும்போது நான் சந்தித்திருக்க வேண்டிய கேள்வி, சந்திக்காமல் தாண்டிவிட்டேன். இப்போது முயன்று பார்க்கிறேன்.

இன்னொரு கப்பலிலிருந்து தொடங்கலாம். 1831ல் பீகிள் கப்பலில் போக டார்வினுக்கு அழைப்பு வந்தது. அப்போது அவருக்கு 22 வயது. அந்த வாய்ப்பு கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹென்ஸ்லோவின் சிபாரிசால் வந்தது. அப்பா சம்மதிக்கவில்லை. டார்வினின் மாமா ஜொசையா வெஜ்வுட் அப்பாவின் ஆட்சேபணைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் எழுதினார், அதற்குப் பிறகுதான் அப்பா இறங்கிவந்தார். ஐந்து ஆண்டுக்குச் சற்றுக் குறைவான அந்தப் பயணம் முழுக்கச் செலவு அப்பாவுடையது. பறவைகளைச் சுடவும் பதப்படுத்தவும் கோவிங்டன் என்ற உதவியாளர் சம்பளத்துக்கு இருந்தார். இவ்வளவும் டார்வின் வரலாற்றில் எழுதியே இருக்கிறது. ஆனால் எந்த வகுப்பிலாவது ஒரு மாணவன் எழுந்து, "மிஸ், மாமாதானே அனுப்பி வெச்சாரு, அப்போ பெருமை மாமாவுக்குத்தானே?" என்று கேட்டிருப்பானா?

கேட்க மாட்டான். அது அவன் தப்பும் இல்லை. ஆண்பிள்ளைக்குக் கிடைப்பதை நாம் உதவி என்றே சொல்வதில்லை. படிப்பு, குடும்பம், வாய்ப்பு என்று வேறு வேறு பெயர் வைத்திருக்கிறோம். அதே விஷயம் ஒரு பெண்ணுக்குக் கிடைத்தால் மட்டும் கணக்குப் புத்தகத்தைத் திறந்து, யார் கொடுத்தது, எவ்வளவு கொடுத்தது என்று எழுத ஆரம்பித்துவிடுகிறோம்.

இதை எனக்குப் புரியவைத்தவர் கணிதவியலாளர் சோஃபி ஜெர்மேன். 1776ல் பாரிஸில் பிறந்தவர். 13 வயதில் வெளியே புரட்சி நடந்துகொண்டிருந்தது, அவர் அப்பாவின் நூலகத்தில் அடைந்து கிடந்தார். கணக்கில் மூழ்கியிருந்தபோது ரோமானியச் சிப்பாய் ஒருவனால் கொல்லப்பட்ட ஆர்க்கிமிடிஸின் கதையை அங்கேதான் படித்தார். ஒருவரை அவ்வளவு தூரம் இழுத்துக்கொள்ளும் கணக்கில் என்னதான் இருக்கிறது என்று பார்க்கக் கிளம்பினார். பெற்றோருக்கு இது பிடிக்கவில்லை. இரவில் படிக்கக் கூடாது என்று மெழுகுவத்தியை எடுத்துவிட்டார்கள், கணப்பில் நெருப்பை அணைத்தார்கள், சூடான உடைகளையும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். அவர் போர்வையைச் சுற்றிக்கொண்டு, ஒளித்து வைத்த மெழுகுவத்தியில் படித்தார். கடைசியில் பெற்றோர்தான் விட்டுக்கொடுத்தார்கள். அப்புறம் வாழ்நாள் முழுக்க அவருடைய செலவுகளை ஏற்றவர் அதே அப்பாதான்.

பாலிடெக்னிக் உயர்கல்விப் பள்ளி தொடங்கியபோது பெண்களுக்கு அனுமதி இல்லை. லெப்ளாங்க் என்ற மாணவரின் பெயரில் பாடக் குறிப்புகளை வாங்கினார், அதே பெயரில் பதில்களையும் அனுப்பினார். பேராசிரியர் லக்ராஞ்ச் அந்த மாணவரை நேரில் பார்க்க விரும்பியபோது குட்டு வெளிப்பட்டது. லக்ராஞ்ச் கோபப்படவில்லை, ஊக்கம் தந்தார். 1804 முதல் ஜெர்மனியின் கணிதமேதை காஸுக்கும் அதே ஆண் பெயரில் ஜெர்மேன் கடிதம் எழுதினார்.

சரி, லக்ராஞ்ச் உதவினார், காஸ் பாராட்டினார். உங்கள் மாணவன் கணக்கில் எழுத வேண்டிய பெயர்கள்தான். ஆனால் கிடைக்காதவற்றையும் கூடவே எழுதச் சொல்லுங்கள். ஜெர்மேனுக்கு ஒரு வகுப்பறை பெஞ்சு கிடைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த வரி தப்பு" என்று சொல்ல ஒரு சக மாணவர் கிடைக்கவில்லை. அதிரும் தகடுகளின் கணிதத்துக்கு அறிவியல் கழகம் பரிசு அறிவித்தபோது அவர் எழுதி அனுப்பிய முதல் கட்டுரையில் பிழைகள் இருந்தன, முறையான பயிற்சி இல்லாதவர் செய்யக்கூடிய பிழைகள். இரண்டாம் முறையும் பரிசு இல்லை. 1816ல் மூன்றாம் முறை வென்றார். பரிசளிப்பு விழாவுக்குப் போகவில்லை. பெரிய மனிதர்களின் கடிதம் அரிதாகக் கிடைத்தது, எந்தச் சாதாரண மாணவனுக்கும் கிடைக்கிற பெஞ்சு கடைசிவரை கிடைக்கவில்லை. இதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் போகவில்லை.

இதே கதையில் உதவி எதிர்த்திசையிலும் ஓடியிருக்கிறது, அதை அவசியம் வகுப்பில் சொல்லுங்கள். 1806ல் நெப்போலியனின் படை காஸ் வாழ்ந்த பிரன்ஸ்விக் நகரைப் பிடித்தது. ஜெர்மேனுக்கு உடனே ஆர்க்கிமிடிஸ் நினைவு வந்துவிட்டது. குடும்பத்துக்குத் தெரிந்த தளபதி பெர்னெத்திக்குத் தகவல் அனுப்பி, காஸுக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளக் கேட்டார். தேடி வந்த அதிகாரி ஜெர்மேனின் பெயரைச் சொன்னபோது காஸுக்கு ஒன்றும் புரியவில்லை, அவருக்கு லெப்ளாங்கைத்தான் தெரியும். பிறகு உண்மையைச் சொல்லி ஜெர்மேன் எழுதிய கடிதத்துக்கு 1807 ஏப்ரலில் பதில் வந்தது. நம் வழக்கங்களும் தப்பெண்ணங்களும் வைக்கும் தடைகளைத் தாண்டி ஒரு பெண் எண்ணியலின் ஆழத்துக்குப் போகிறாள் என்றால், அவளிடம் மிக உயர்ந்த துணிவு இருக்க வேண்டும் என்று காஸ் எழுதினார். தைரியம் யாருக்கு என்ற கேள்விக்கு ஒரு பெரிய கணிதமேதை அன்றே சொன்ன பதில் அது.

ஓட்டம் பிடிக்கும் பிள்ளைகள் இருந்தால் கேத்ரின் ஸ்விட்சர் கதை உடனே பிடிபடும். 1967 பாஸ்டன் மாரத்தானில் கே. வி. ஸ்விட்சர் என்று பதிவு செய்து, 261 என்ற எண்ணோடு ஓடினார். போட்டி அதிகாரி ஒருவர் பாய்ந்து வந்து அந்த எண்ணைப் பிய்க்கப் பார்த்தார். கூட ஓடிய காதலர் அதிகாரியைத் தோளால் இடித்துத் தள்ளினார். புகைப்படங்கள் உலகம் முழுக்கப் போயின. அந்த இடிக்கு ஒரு நொடி ஆகியிருக்குமா? ஸ்விட்சர் 42 கிலோமீட்டரையும் தன் காலால் ஓடி முடித்தார். அதற்கு முந்தைய ஆண்டு விண்ணப்பம் மறுக்கப்பட்ட பாபி கிப், தொடக்கக் கோட்டுக்கு அருகே புதரில் ஒளிந்திருந்து கூட்டத்தில் கலந்து ஓடினார். தொடக்க இடத்துக்குக் காரில் கொண்டுவந்து விட்டது அவருடைய அம்மா. பெண்களை முறைப்படி அந்த ஓட்டத்தில் சேர்த்துக்கொண்டது 1972ல்தான்.

இனி உங்கள் குழப்பத்துக்கு வருகிறேன். அதில் ஒரு பாதி எனக்கும் உண்டு. உதவி என்ற ஒரே சொல்லுக்குள் நாம் பல விஷயங்களைப் போட்டு மூடிவிடுகிறோம். அமெரிக்கா போய் மருத்துவம் படித்த ஆனந்திபாய் ஜோஷியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது வயதில் திருமணம், 14 வயதில் பிறந்த குழந்தை சில நாட்களில் இறந்துபோனது. படிக்க வைத்தவர் கணவர் கோபால்ராவ், அது உண்மை. படிப்பில் கவனம் இல்லை என்று அந்தச் சிறுமியை அடித்தவரும் அவர்தான். 1883ல் ஆனந்திபாய் அமெரிக்கா கிளம்பியபோது கணவர் கூடப் போகவில்லை. அங்கே வீட்டில் தங்கவைத்துக்கொண்டவர், அதுவரை அவரைப் பார்த்தே இராத கார்ப்பென்டர் என்ற பெண்மணி. பல் மருத்துவரிடம் காத்திருந்தபோது புரட்டிய ஒரு பத்திரிகையில் கோபால்ராவ் எழுதிய கடிதத்தைப் பார்த்துவிட்டு, தானாகவே தொடர்புகொண்டவர். 1886ல் மருத்துவப் பட்டம் பெற்று ஊர் திரும்பிய ஆனந்திபாய், 1887 பிப்ரவரியில் 22 வயதுகூட நிறையாமல் இறந்துபோனார். இதில் யாருடைய உதவியை எந்தத் தராசில் நிறுப்பது? அடியையும் உதவிக் கணக்கில் சேர்ப்பதா? எனக்கு இதை நினைத்தாலே கோபம் வருகிறது.

இன்னொன்றும் உண்டு. கதவு திறக்காத வீடுகளில், ஜெர்மேன் அளவுக்கே பிடிவாதத்தோடு உட்கார்ந்திருந்த பெண்களின் பெயர்கள் நமக்கு வந்து சேரவில்லை. அந்த வகையில் உதவி பெரிய விஷயம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது ஒரு பெண்ணின் பெயர் நமக்குத் தெரியவந்ததற்கான காரணம். அவளுடைய துணிச்சலுக்கான காரணம் அது இல்லை.

இப்போது பாரேயிடம் திரும்பலாம். உங்கள் மாணவனுக்கான நேரடிப் பதில் அங்கேதான் இருக்கிறது.

கொமெர்சோன் கூட்டிக்கொண்டு போனார் என்று நானும் எழுதியிருந்தேன். ஆனால் காலில் ஆறாத புண்ணோடு இருந்தவர் அவர். தென் அமெரிக்காவின் தென்கோடியில் மகெல்லன் நீரிணையின் பனியிலும் மலையிலும் துப்பாக்கியையும் உணவையும் செடிகளை அழுத்தி வைக்கும் தாள்கட்டுகளையும் சுமந்துகொண்டு அவருடன் நடந்த பாரேயின் மனவலிமையைப் பற்றி பூகன்வில்லே தன் பயண நூலில் எழுதியிருக்கிறார். அந்தப் பயணத்தில் யார் யாரைக் கூட்டிக்கொண்டு போனார்கள் என்பது பார்க்கிற இடத்தைப் பொறுத்தது. பாரே அவருடைய வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்தவர். முதலாளி கூப்பிட்டால் மறுக்கும் நிலையில் இருந்தாரா என்பதையும் யோசிக்க வேண்டும். பயணம் பற்றி பாரே தன் கையால் எழுதிய குறிப்பு எதுவும் நம்மிடம் இல்லை.

தாஹித்தியில் உண்மை வெளிப்பட்ட பிறகு இருவரும் மொரீஷியஸ் தீவில் இறங்கிவிட்டார்கள். கொமெர்சோன் 1773ல் அங்கேயே இறந்தார். என் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்லத் தவறியது இதுதான்: கொமெர்சோன் உலகைச் சுற்றி முடிக்கவில்லை, பாதியில் நின்றுவிட்டார். கூட்டிக்கொண்டு போனவர் போன பிறகு, பாரேவுக்குச் சம்பளம் இல்லை, தங்க இடம் இல்லை, ஊர் திரும்ப வழி இல்லை. போர்ட் லூயியில் மதுக்கடை நடத்திப் பிழைத்தார். 1774ல் ஒரு பிரெஞ்சுப் படைவீரரை மணந்துகொண்டு, அதன் பிறகு பிரான்சுக்குக் கப்பலேறினார். பயணத்தின் கடைசிப் பகுதியும் முடிந்தது. உலகைச் சுற்றிவந்த முதல் பெண் என்று இன்று அவரைத்தான் சொல்கிறோம்.

"அப்பவும் ஒரு புருஷன் கூட வந்தாரே மிஸ்" என்று அவன் சொல்லலாம், சொல்லட்டும். 1785ல் பிரெஞ்சுக் கடற்படை அமைச்சகம் ஆண்டுக்கு 200 லிவ்ர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) ஓய்வூதியம் கொடுத்தது. பெண்கள் கப்பலில் ஏறக் கூடாது என்று சட்டம் வைத்திருந்த அதே கடற்படைதான். அந்த ஆவணம் அவர் மாறுவேடத்தில் ஏறியதை மறைக்கவில்லை, அறிஞரின் உழைப்பையும் ஆபத்துகளையும் மிகுந்த துணிவோடு பகிர்ந்துகொண்டார் என்கிறது, அசாதாரணமான பெண் என்று அழைக்கிறது. அந்த ஓய்வூதியம் கொமெர்சோனின் பணியாளுக்கோ படைவீரரின் மனைவிக்கோ எழுதப்படவில்லை. ழான் பாரே என்ற பெயருக்கு எழுதப்பட்டது.

அடுத்த வகுப்பில் இரண்டு பத்தி போட்டுப் பாருங்கள். ஒன்றில் டார்வின், ஒன்றில் பாரே. யார் யாருக்கு என்னென்ன கிடைத்தது, என்னென்ன கிடைக்கவில்லை என்று பிள்ளைகளே எழுதட்டும். கேள்வி கேட்ட மாணவனையே கரும்பலகையில் எழுதச் சொல்லுங்கள், அவனுக்கு அந்த உரிமை உண்டு. பெண்பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று மட்டும் மறக்காமல் எனக்கு எழுதுங்கள். காத்திருப்பேன்.

அன்புடன்