ஏரி விராலுக்கு வீட்டில் செய்யும் லூரில் பெயிண்ட் உரியாமல் இருக்க என்ன வழி?

மீனை ஏமாற்றும் செயற்கை இரையான லூரை முருங்கைக் கட்டையில் செதுக்கி, எனாமல் அடித்துக் காயவைத்து ஏரிக்கு எடுத்துப் போனால், கொஞ்ச நேரம் வீசியதுமே வயிற்றுப் பக்கம் வெடிப்பு விட்டு பெயிண்ட் பட்டை பட்டையாக உரிகிறது, எந்த கம்பெனி பெயிண்ட் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த பெயிண்ட் வாங்கினாலும் இதேதான் நடக்கும். உங்கள் கட்டை தண்ணீர் குடிக்கிறது. குடித்தால் உப்பும், உப்பினால் மேலே இருக்கும் பெயிண்ட் வெடிக்கும். தண்ணீர் உள்ளே போகும் வழியை அடைத்துவிட்டால் பள்ளிப் பிள்ளைகளின் வாட்டர் கலர் அடித்தாலும் நிற்கும்.

நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் கட்டிங் வேலை. விடுமுறை என்றால் குடியாத்தம் பக்கத்து ஏரிகள், நீர் இருக்கும் காலத்தில் மோர்தானா அணைக்குக் கீழே, சில சமயம் காவேரிப்பாக்கம் வரைக்கும் போவதுண்டு. எங்கள் பக்கத்து ஏரிகள் எப்படி என்று உங்களுக்கே தெரியும். கரையோரம் சீமைக் கருவேலம், நடுவில் ஆகாயத்தாமரை, தண்ணீர் கலங்கல். கடையில் வாங்கிய லூர் ஒன்று முள்ளில் மாட்டி அறுந்தால் நெஞ்சு பதறும். சொந்தமாகச் செய்தது போனால் மறுபடி செய்துகொள்ளலாம் என்ற தைரியத்தில் முள்ளுக்கு நெருக்கமாக வீசுவோம். விரால் இருப்பதும் அங்கேதான். அதனால் நீங்கள் செய்வதை விட்டுவிடாதீர்கள்.

முதலில் கட்டையை மாற்றுங்கள். முருங்கை ரொம்ப பஞ்சு. நன்றாகக் காய்ந்த கல்யாண முருங்கை அல்லது தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போகிற மெல்லிய வெள்ளை மரம் போதும். குடியாத்தத்தில் தெரிந்தவர் இருந்தால் துண்டு கிடைக்கும். தேக்கு வேண்டாம், கனம் அதிகம், அதில் இருக்கும் எண்ணெய்ப் பசைக்கு, கடைசியில் பூசப் போகும் எபாக்ஸிப் பிசினும் சரியாகப் பிடிக்காது. பச்சைக் கட்டையில் கை வைக்காதீர்கள். நிழலில் காய்ந்த கட்டைதான் பிறகு சுருங்காது, திருகாது.

செதுக்கி உப்புத்தாள் போட்டதும் பெயிண்ட் டப்பாவைத் திறக்கத் தோன்றும். பொறுங்கள். துளை போடுகிற வேலை எல்லாம் இப்போதே முடிய வேண்டும். நரம்பு கட்டும் மூக்கு வளையத்துக்கு, வயிற்றுத் தூண்டில் முள்ளுக்கு, வால் தூண்டில் முள்ளுக்கு, எடை வைக்கும் குழிக்கு எல்லாம் துளை போட்டுவிட்டு அப்புறம்தான் பூச்சு. பெயிண்ட் எல்லாம் முடிந்தபின் கடைசியாகத் துளையிட்டு ஸ்க்ரூ வளையம் முறுக்குகிறவர்கள் நிறைய பேர். அந்தத் துளைக்குள் இருப்பது வெறும் மரம், தண்ணீர் நேராக அங்கே போகும். வயிற்றுப் பக்கம் முதலில் வெடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, முள் வளையம் இருக்கும் இடத்தைச் சுற்றித்தான் அது ஆரம்பித்திருக்கும், பாருங்கள். எடைக்கு ஈயத்தை வீட்டில் உருக்க வேண்டாம், அந்தப் புகையும் தூசியும் விஷம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் கூடவே கூடாது. சைக்கிள் கடையில் பழைய பேரிங் குண்டு கேளுங்கள். வயிற்றில் குழி போட்டு இரண்டு மூன்று குண்டு வைத்து எபாக்ஸியால் மூடினால் ஆயிற்று.

இனி சீல் செய்வது. மரத்தின் நுண்துளைகளை அடைக்கத் தச்சர்கள் வாங்கும் சாண்டிங் சீலரைத் தின்னர் விட்டு நீர்க்கக் கரைத்து, ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, கட்டையை முழுசாக முக்கி எடுங்கள். துளைகளுக்குள்ளும் இறங்க வேண்டும், ஊசியில்லாத சிரிஞ்சால் உள்ளே விட்டாலும் சரி. காய்ந்ததும் தடவிப் பார்த்தால் சொரசொரவென்று இருக்கும். மரத்தின் நார் நிமிர்ந்து நிற்கிறது. 400 நம்பர் தாளால் லேசாகத் தேய்த்து மறுபடி முக்குங்கள். மூன்றாவது முறை முக்கும்போது கட்டை இனி உறிஞ்சாது, மேலேயே பளபளவென்று நிற்கும். அதுவரை விடாதீர்கள். சிலர் சீலருக்குப் பதில் ஃபெவிக்விக் ஊற்றித் தேய்ப்பார்கள். அதுவும் நன்றாகவே இறுகும். ஆனால் பஞ்சுத் துணியால் மட்டும் தேய்க்காதீர்கள். பருத்தியோடு சேர்ந்தால் அது சட்டென்று சூடேறி விரலைச் சுட்டுவிடும்.

சீல் ஆனதும் வாளித் தண்ணீரில் முள்ளோடு மிதக்க விட்டுப் பாருங்கள். சாய்ந்தால் எடையை இப்போதே சரி செய்யலாம், பெயிண்ட் அடித்தபின் முடியாது.

நிறத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். விரால் காற்றை விழுங்க மேலே வரும் மீன், மேல்தண்ணீரில் நகர்வதைக் கீழிருந்து பார்த்துத்தான் பாய்கிறது. கலங்கல் தண்ணீரில் கீழிருந்து பார்க்கும்போது அதற்குத் தெரிவது இரையின் உருவமும் வயிற்று நிறமும். முதுகில் செதில் போடுவது நம் சந்தோஷத்துக்கு, ஆனாலும் போடுங்கள், அழகாக இருக்கும். வெள்ளை பிரைமர் அடித்து, கொசுவலைத் துண்டை இறுக்கிக் கட்டி, மேலே ஸ்ப்ரே அடித்து வலையை எடுத்தால் செதில் அப்படியே வரும். எனாமல் முழுசாகக் காயாமல் அதன் மேல் நெயில் பாலிஷோ லேக்கரோ அடிக்காதீர்கள், அடியில் இருப்பது சுருங்கிக் குழம்பிவிடும். அக்ரிலிக் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை.

இப்போது மேல் பூச்சு. உங்கள் கேள்விக்கு முக்கியமான இடம் இதுதான். இரண்டு பாகம் கலக்கும் தெளிந்த எபாக்ஸிதான் வேண்டும். டப்பாவில் போட்டிருக்கும் அளவை அப்படியே கலக்குங்கள். கண்ணளவில் ஊற்றினால் ஒரு பக்கம் இறுகி ஒரு பக்கம் பிசுபிசுப்பாகவே நிற்கும். மெதுவாக, கிண்ணத்தின் ஓரத்தையும் அடியையும் வழித்துக் கலக்க வேண்டும், அடித்துக் கலக்கினால் குமிழி. கையுறை போடுங்கள், இறுகாத எபாக்ஸி தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் சிலருக்கு அரிப்பு வந்து போகவே போகாது.

வேலூர் வெயில் எபாக்ஸிக்கு வேறு மாதிரி பிரச்சினை. சூட்டில் அது சீக்கிரம் இறுகும், கிண்ணத்தில் நிறைய கலந்து வைத்தால் தானே சூடேறிக் கட்டியாகிவிடும். மே மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்க வேண்டும். இன்னொன்று, பூசும் வேளை. காலையில் பூசி வைத்தால் வெயில் ஏற ஏறக் கட்டைக்குள் இருக்கும் காற்று விரிந்து, பூச்சுக்கு நடுவே ஊசிமுனைக் குமிழிகளாக வெளியே வரும். அந்தக் குமிழி உடைந்த இடம்தான் பிறகு தண்ணீருக்கு வாசல். சாயங்காலம், வெக்கை இறங்கும் நேரத்தில் பூசுங்கள். கட்டை குளிரும்போது காற்று உள்ளுக்குச் சுருங்கும், பூச்சையும் கூடவே இழுத்துக்கொள்ளும். ஐப்பசி கார்த்திகை மழையில் ஈரக்காற்று பட்டால் மேலே பால் போல மங்கலாக எண்ணெய்ப் படலம் படியும். இறுகியபின் சுத்தமான தண்ணீரில் துடைத்துவிட்டு அடுத்த பூச்சு போடலாம், ஆனால் மழை நாளில் பூசாமல் இருப்பதே உத்தமம்.

பூசியதும் தொங்கவிட்டால் எபாக்ஸி எல்லாம் வாலுக்கு வழிந்து ஒரு முட்டாக நின்றுவிடும். சுழல வேண்டும். ஏர் கூலரில் இலையை அசைக்கும் சின்ன ஸ்விங் மோட்டார் எலெக்ட்ரிகல் கடையில் தனியாகக் கிடைக்கும், மெதுவாகச் சுற்றும். அதில் ஒரு பலகைச் சட்டம் பொருத்தி லூரைக் கட்டி விட்டுவிட்டால், இறுகும் வரை அது சுற்றிக்கொண்டே இருக்கும், கண்ணாடி போல சமமாக வரும். ஸ்க்ரூ வளையங்களை முறுக்கும்போது துளையில் ஒரு சொட்டு எபாக்ஸி விட்டு முறுக்குங்கள்.

முங்கி நீந்தும் லூர் என்றால் வாய்க்குக் கீழே நீட்டி நிற்கும் வாய்த்தகட்டுக்குப் பழைய சி.டி. போதும். அது பாலிகார்பனேட். கத்தரியால் வெட்டினால் விரிசல் விடும், ஹேக்சா பிளேடால் அறுங்கள். தகடு செங்குத்தாக நின்றால் மேலோட்டமாக நெளியும், உடம்போடு நேராகப் படுத்தால் ஆழம் போகும். இழுக்கும்போது லூர் இடப்பக்கம் ஓடினால், மூக்கு வளையத்தை வலப்பக்கம் மயிரிழை வளைத்துவிடுங்கள்.

எங்கள் ஊர்ச் சரக்கையும் சொல்லிவிடுகிறேன். ஆகாயத்தாமரைக்குள் வீச மரத்தைவிட, ஈ.வி.ஏ. என்ற மெத்தென்ற நுரை ஷீட்டில் வெட்டிய தவளை லூர்தான் எனக்குப் பிடிக்கும். ஷூவின் உள்ளங்காலுக்கு வெட்டியது போக மிஞ்சும் துண்டு தண்ணீரே குடிக்காது, சீலர் வேண்டாம். ஆனால் அதன் மேல் எபாக்ஸி பூசக்கூடாது. உடம்பு வளையும், பூச்சு வளையாது, முதல் கடியிலேயே நொறுங்கும். பர்மனென்ட் மார்க்கரால் புள்ளி வைத்தாலே போதும். கால்களுக்கு குரோம் பதனிட்ட சுவேட் தோலை நூல் நூலாகக் கீறிக் கட்டுங்கள். நனைந்ததும் மெத்தென்று ஆகி, நிறுத்தி நிறுத்தி இழுக்கும்போது தவளை கால் உதைப்பது தத்ரூபமாக வரும். கடுக்காய், பட்டை போட்டுப் பதனிட்ட தோல் சாயம் விடும், காய்ந்தால் விறைக்கும், அது ஆகாது. ஃபின்லாந்தில், பிறகு ராபாலா லூர் கம்பெனியைத் தொடங்கிய மீனவர் லாரி ராபாலா 1936இல் தன் முதல் லூரைச் செருப்புத் தைப்பவர் கத்தியால்தான் தக்கையில் செதுக்கினார். மேலே சாக்லேட் சுற்றிய தாள், அதற்கும் மேலே உருக்கிய ஃபோட்டோ ஃபிலிம். அவருக்கும் கடைசியில் தேவைப்பட்டது தண்ணீர் புகாத ஒரு மேல்தோல்தான். ஆம்பூரில் தோல் வெட்டுகிற எனக்கு அந்தக் கத்தியை நினைத்தால் இன்றைக்கும் பெருமையாக இருக்கும்.

செய்து முடித்ததை மீன்பிடிப் பெட்டியில் ரப்பர் தவளைகளோடு சேர்த்துப் போடாதீர்கள். மென்மையான பிளாஸ்டிக்கில் இருக்கும் எண்ணெய் கசிந்து நல்ல பெயிண்டையும் பிசினாக்கிவிடும். பெட்டியிலேயே தனித் தடுப்பில், காய்ந்தபின் வையுங்கள். நிறைய ஏரிகளில் மீன் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும், வீசும் முன் குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே கொப்பளிக்கும் இடத்தில் மட்டும் வீசாதீர்கள். அடியில் தாயும் தகப்பனும் காவலுக்கு நிற்கும், எதைப் போட்டாலும் பாயும், அவற்றைத் தூக்கிவிட்டால் அந்தக் குஞ்சுகள் மற்ற மீனுக்கு இரையாகிவிடும்.