ஒரே கைபேசி, முழு வகுப்பு

கேள்வி: ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள பாடசாலையொன்றில் தரம் 8 இற்கு விஞ்ஞானம் கற்பிக்கிறேன். எனது கைபேசியைத் தவிர வகுப்பில் வேறு கருவி இல்லை. அதைக் கொண்டு எல்லா மாணவரையும் பாடத்தில் ஈடுபடுத்த இயலுமா?
– ஆசிரியை ஒருவர், முல்லைத்தீவு மாவட்டம்

பதில்: இயலும். பிளிக்கர்ஸ் என்னும் செயலியைப் பயன்படுத்திப் பாருங்கள். மாணவர் கையில் இருப்பது குறியொன்று அச்சிடப்பட்ட கடதாசி அட்டை மட்டுமே. அதன் நான்கு பக்கங்களும் நான்கு விடைகளைக் குறிப்பதால், தாம் தெரிவுசெய்த விடைக்குரிய பக்கம் மேலே வருமாறு பிள்ளைகள் அட்டையைப் பிடிக்க, நீங்கள் கமராவை வகுப்பின் குறுக்கே மெதுவாக நகர்த்தினால், எவர் எதைத் தெரிவுசெய்தார் என்பது திரையில் தோன்றிவிடும். ஒவ்வோர் அட்டையின் குறியும் வேறுபட்டதாகையால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து விடையளிக்கும் வழக்கம் எளிதில் பலிக்காது. அட்டைகளைப் பளபளப்பாக லமினேற் செய்யாதீர்கள்; யன்னல் வெளிச்சம் பட்டால் கமரா தடுமாறும்.

ஆயினும் செயலியை விடக் கேள்வியே முக்கியம் என்பது என் கருத்து. ‘தாவரங்கள் சுவாசிப்பது பகலிலா, இரவிலா, இரு வேளையுமா?’ என்று கேளுங்கள். விடைகள் பிளவுபட்டால், சரியானதைச் சொல்லிவிடாமல், அருகருகே இருப்போரை விவாதிக்கவிட்டு மீண்டும் அட்டையை உயர்த்தச் சொல்லுங்கள். ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பௌதிகப் பேராசிரியர் எரிக் மசூர் 1990களில் பரவலாக்கிய முறை இது. தரம் 8 இற்கும் பொருந்தும்.