சில்லறைக் காசை வைத்துத் தராசைச் சோதிக்கலாமா? கேள்வி பதில்

எடைத் தராசுகளைப் பழுதுபார்த்துச் சீர்செய்வது என் தொழில். எடைக்கல் இல்லாத வீட்டில் நாணயத்தை வைத்துத் தராசைச் சோதிப்பது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். பதில்களுக்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தராசு பொய் சொல்கிறதா என்பதைக் காசு காட்டிக்கொடுக்கும். ஆனால் காசை வைத்துத் தராசைத் திருத்த முடியாது. இந்த வேறுபாடு தெரியாமல் நல்ல தராசையும் கெடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி (வீட்டில் கேக் செய்து விற்பவர், திருச்சி): ஐயா, ஐந்து கிலோ வரை எடை பார்க்கும் சமையலறைத் தராசு வாங்கியிருக்கிறேன். எந்த நாணயத்தை வைத்துப் பார்ப்பது நல்லது?

மஞ்சள் நிற ஐந்து ரூபாய் நாணயம்தான் அம்மா. அதிலும் 23 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறியது. அதன் எடை சரியாக 6 கிராம் என்பதால் கணக்குப் போடுவது எளிது: பத்து காசு 60 கிராம், ஐம்பது காசு 300 கிராம். 2019-இல் அறிவிக்கப்பட்ட புதிய வரிசையின் ஐந்து ரூபாய் சற்றுப் பெரியது. 25 மில்லிமீட்டர், 6.74 கிராம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். தடிமனான பழைய வெள்ளை ஐந்து ரூபாய் கிடைத்தால் தனியாக எடுத்து வையுங்கள். அது 9 கிராம்.

பத்து ரூபாயும் பயன்படும். பழையது 7.71, புதியது 7.74 கிராம். சமையலறைத் தராசுக்கு இந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை என்பதால் பிரிக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு பக்கமுள்ள இருபது ரூபாய் 8.54 கிராம்.

கேள்வி: ஒரே ஒரு காசை வைத்துப் பார்த்தேன், 6 என்று காட்டியது. தராசு சரிதானே?

அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஒரு கிராம் துல்லியமுள்ள தராசில் 6 என்று வந்தால், உண்மையில் அது 5.5 முதல் 6.5 வரை எதுவாகவும் இருக்கலாம். நூற்றுக்கு எட்டுப் பங்கு பிழை அதற்குள் ஒளிந்துகொள்ளும். ஐம்பது காசுகளை வைத்து 300 வந்தால் அதே அரை கிராம் சந்தேகம் 300-இல் பரவிவிடுகிறது. ஐம்பதுக்கு 294 காட்டினால் தராசு நூற்றுக்கு இரண்டு குறைத்துக் காட்டுகிறது என்று நம்பிச் சொல்லலாம்.

நிறையக் காசு வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாணயச் சாலையிலேயே ஒவ்வொரு காசுக்கும் சிறிய எடை வேறுபாடு அனுமதிக்கப்படுகிறது. ஒன்று கொஞ்சம் கூட, ஒன்று கொஞ்சம் குறைவு. நிறைய எடுக்கும்போது இவை ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்ளும். தேய்மானம் அப்படி ஈடாகாது, அது எப்போதும் குறைக்கத்தான் செய்யும். அதனால் எழுத்து கூர்மையாக இருக்கும் காசுகளையே பொறுக்குங்கள்.

அழுக்கையும் கவனியுங்கள். உண்டியல் வழி வந்த காசில் எண்ணெயும் குங்குமமும் அப்பியிருக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவி, துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். பளபளப்பு வரும், ஆனால் கறையோடு கொஞ்சம் உலோகமும் போகும்.

கேள்வி (கல்லூரி மாணவர், மதுரை): அண்ணா, ஒரு ரூபாய் நாணயங்கள் ஒன்று 3, ஒன்று 4, ஒன்று 5 கிராம் காட்டுகின்றன. தராசு கெட்டுவிட்டதா?

தராசு நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. உங்களிடம் மூன்று வகை ஒரு ரூபாய் இருக்கிறது. 1992-இல் வந்த பெரிய எஃகுக் காசு 4.85 கிராம். 2011-இல் ரூபாய் குறியீட்டுடன் வந்தது 3.79. இப்போதைய 20 மில்லிமீட்டர் காசு 3.09. இரண்டு ரூபாயிலும் இதே கதை. 2011 வரிசை 4.85, புதியது 4.07. இதனால்தான் உண்டியல் காசை மொத்தமாக எடை போட்டுத் தொகையைக் கணக்கிட முடியாது. ஒரு கிலோ ஒரு ரூபாய் நாணயம் என்பது ஒரு வகையில் 264 காசு, மற்றொரு வகையில் 324 காசு.

கேள்வி: காசு வைத்தால் சரியாகக் காட்டுகிறது. ஈஸ்டைச் சிறிது சிறிதாகத் தூவினால் பூஜ்யத்திலேயே நிற்கிறது. ஏன்?

அது தராசின் பழுதல்ல, அதன் இயல்பு. பூஜ்யத்துக்கு அருகில் ஏற்படும் மிகச் சிறிய மாற்றத்தைக் காற்றாலும் வெப்பத்தாலும் வரும் அலைவு என்று எடுத்துக்கொண்டு, தராசு தானாகவே மீண்டும் பூஜ்யத்துக்கு இழுத்துக்கொள்ளும். நீங்கள் தூவிய ஈஸ்டை அப்படியே விழுங்கிவிடுகிறது. முதலில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தைத் தட்டில் வையுங்கள், எண்ணைப் பூஜ்யமாக்கும் டேர் பொத்தானை அழுத்தாதீர்கள். 8 என்று காட்டும். அதன் மேல் தூவினால் 9, 10 என்று ஏறும். எட்டைக் கழித்துக்கொள்ளுங்கள். ஆனாலும் 2 கிராம் ஈஸ்டை ஒரு கிராம் தராசில் நம்பி எடுக்க முடியாது. அதற்கு 0.01 கிராம் காட்டும் சிறிய தராசு தனியாக வேண்டும்.

கேள்வி (மளிகைப் பொருள் பொட்டலம் போடுபவர், ஈரோடு): 300 கிராம் வரை சரி. இரண்டு கிலோவில் சரியா என்று பார்க்க அவ்வளவு காசுக்கு எங்கே போவது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. காசின் எடையே தெரியாமல்கூட இதைச் சோதிக்கலாம்.

காலித் தட்டில் முப்பது காசுகளை ஒரு சிறிய பையில் கட்டி வையுங்கள். 180 என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பையை எடுத்துவிட்டு இரண்டு கிலோ அரிசியைத் தட்டில் வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது அரிசியின் மேல் அதே பையை வையுங்கள். கூடியது 180-ஆ? ஒரு கிராம் முன்பின் இருந்தால் பரவாயில்லை. 176 மட்டும் கூடினால், கனமான எடைகளில் தராசு சோர்ந்துபோகிறது என்று அர்த்தம். உள்ளே எடையை உணரும் உறுப்பான லோட் செல் வளைந்திருக்கலாம், அல்லது தட்டு எங்காவது உரசிக்கொண்டிருக்கலாம். தட்டைக் கழற்றி அடியில் பாருங்கள். பருப்போ கோதுமையோ ஒரு மணி சிக்கியிருந்தாலே போதும், இப்படித்தான் காட்டும்.

அதே பையை நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்துப் பாருங்கள். ஐந்து இடத்திலும் ஒரே எண் வர வேண்டும். மூலைக்கு மூலை மாறினால், தராசு நிற்கும் மேடை சமமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: டெல்லியில் வேலை பார்த்தபோது வாங்கிய தராசு சென்னையில் ஒரு கிலோவுக்குக் கிட்டத்தட்ட ஒரு கிராம் குறைத்துக் காட்டுகிறது. வழியில் அடிபட்டிருக்குமா?

அடிபட வேண்டிய அவசியமே இல்லை. லோட் செல் அளப்பது புவி இழுக்கும் விசையை. அந்த விசை நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கக் குறைகிறது. டெல்லியில் சீர்செய்த தராசு சென்னையில் கிலோவுக்குச் சுமார் 0.9 கிராம் குறைத்துத்தான் காட்டும். சென்னையிலிருந்து ஊட்டிக்குக் கொண்டுபோனால் உயரம் காரணமாக மேலும் அரை கிராம் அளவு குறையும். இரண்டு தட்டுத் தராசுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் கல்லையும் பொருளையும் புவி ஒரே மாதிரி இழுக்கிறது. எலக்ட்ரானிக் தராசை, அது வேலை செய்யும் ஊரில் வைத்தே சீர்செய்ய வேண்டும்.

கேள்வி (நியூ ஜெர்சியிலிருந்தும் லண்டனிலிருந்தும் இருவர்): எங்கள் ஊர்க் காசுகளில் எது உதவும்?

அமெரிக்காவில் ஐந்து சென்ட் நாணயம் சரியாக 5 கிராம். இருபது சேர்த்தால் 100. பிரிட்டனில் இருபது பென்ஸ் 5 கிராம். ஒரு பென்னி 3.56, இரண்டு பென்ஸ் 7.12.

கேள்வி (பாட்டியின் கைமருந்துக் குறிப்பு வைத்திருப்பவர், தஞ்சாவூர்): "சுக்கு மூன்று ரூபாய் எடை" என்று எழுதியிருக்கிறார். இப்போதைய நாணயத்தை வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம், அளவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிவிடும். பாட்டி சொல்லும் ரூபாய் பிரிட்டிஷ் காலத்து வெள்ளி ரூபாய். அதன் எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம். ஒரு தோலா என்பதும் அதுவே. அன்று நாணயமே எடைக்கல்லாகவும் இருந்தது. மூன்று ரூபாய் எடை ஒரு பலம், ஏறத்தாழ 35 கிராம். நாற்பது பலம் ஒரு வீசை, 1.4 கிலோ. குறிப்பில் பலம், வீசை வந்தாலும் இந்தக் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அந்த வெள்ளி ரூபாய் இருந்தால், எழுத்து தேயாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடைபோடுங்கள்.

கேள்வி: நகைக்கடைத் தராசைக் காசு வைத்துச் சோதிக்கலாமா?

அதனால் பயன் இல்லை. 7.71 காட்ட வேண்டிய பத்து ரூபாய்க் காசு 7.68 காட்டினால், குறை காசிலா தராசிலா என்று தெரியாது. அங்கே பார்க்க வேண்டியது, தராசைச் சோதித்து அரசு இடும் முத்திரையை. வியாபாரத்துக்குப் பயன்படும் எலக்ட்ரானிக் தராசு ஆண்டுக்கு ஒரு முறை முத்திரையிடப்பட வேண்டும். சந்தேகம் இருந்தால் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் புகார் கொடுங்கள். கடைக்காரர் காசையே எடைக்கல்லாகப் பயன்படுத்துவதும் சட்டப்படி செல்லாது.

கேள்வி: என் சிறிய தராசில் சீர்செய்யும் முறைக்குப் போனால் 100 கிராம் வை என்கிறது. பத்து ரூபாய் காசு பதின்மூன்று வைத்தால் 100.23 வருகிறதே, அதை வைக்கலாமா?

தயவுசெய்து வைக்காதீர்கள். அந்த 100.23-ஐத் தராசு 100 என்று மனதில் எழுதிக்கொள்ளும். அன்று முதல் எல்லா எடையும் குறைவாகவே வரும். ஒரு பவுனில் 18 மில்லிகிராம் காணாமல் போகும். காசு தேய்ந்திருந்தால் பிழை எந்தப் பக்கம் போகும் என்றே சொல்ல முடியாது. எடைக்கற்களின் துல்லியத் தரங்களில் ஒன்றான எம்1 வகுப்பின் 100 கிராம் எடைக்கல்லில் அனுமதிக்கப்படும் பிழை 5 மில்லிகிராம்தான். அதை ஒன்று வாங்கி, வெறுங்கையால் தொடாமல் துணியால் பிடித்து வையுங்கள். தராசைப் பத்து நிமிடம் முன்பே இயக்கி, மின்விசிறியை நிறுத்திவிட்டுச் சீர்செய்யுங்கள். முடிந்ததும் அந்தப் பதின்மூன்று காசுகளையும் எடைபோட்டு, வரும் எண்ணைத் தராசின் அடியில் ஒட்டி வையுங்கள். அடுத்த மாதம் அதே காசுகள் அதே எண்ணைக் காட்டுகின்றனவா என்று பார்த்தால் போதும்.