காகிதத்தில் செய்த ராக்கெட் நிஜமாகவே பறக்குமா? வடிவமைக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பறக்கும். என் முதல் ராக்கெட்டும் பறந்தது, மேலே மட்டும் போகவில்லை. ஏவுகம்பியை விட்டு விலகியதும் இரண்டு குட்டிக்கரணம் போட்டுப் புல்லில் விழுந்தது. அலமாரியில் வைப்பதற்கான, துடுப்பில்லாத மாதிரியின் அச்சுத்தாளை எடுத்து ஒட்டி, அதற்குள் மோட்டாரை (எரிபொருள் அடைத்த சிறு குழாய்) செருகியிருந்தேன். தப்பு அங்கேதான். பெரிய ராக்கெட்டுகள் பலவும் எஞ்சினையே அசைத்துத் திசையைச் சரிசெய்துகொள்ளும், அதனால் துடுப்பு இல்லாமலே போய்விடும். நம்முடையதற்கு வால் துடுப்புகளை விட்டால் கதியில்லை.

ராக்கெட்டை விரல்மேல் வைத்தால் சமமாக நிற்கும் இடம் ஈர்ப்பு மையம். காற்றின் விசை மொத்தமும் செயல்படுவதாகக் கொள்ளும் இடம் அழுத்த மையம். முதலாவது இரண்டாவதைவிட மூக்குப் பக்கமாக, குறைந்தது உடல் விட்டத்தின் அளவுக்காவது முன்னால் இருக்க வேண்டும். காகிதத்தில் இது கொஞ்சம் சிக்கல். உடல் லேசாக இருக்கும், கனமான மோட்டாரோ வாலில் உட்கார்ந்திருக்கும். துடுப்பைப் பெரிதாக்கலாம், ஆனால் அதுவும் வாலில்தான் எடையைக் கூட்டும். மூக்குக்குள் களிமண் உருண்டை ஒன்றை ஒட்டுவதுதான் எனக்குப் பிடித்த வழி. கணக்குப் போட ஓப்பன்ராக்கெட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அது வேண்டாமென்றால், மோட்டாரோடு சேர்த்து ஈர்ப்பு மையத்தில் நூல் கட்டித் தலைக்கு மேலே சுழற்றுங்கள். மூக்கு முன்னால் போனால் சரி.

தாள் 160 முதல் 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) போதும். தாளுக்கு இழையோட்டம் உண்டு, அதாவது அதன் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். அது குழாயின் நீளவாக்கில் இருக்கும்படி சுருட்டினால் மடிப்பு விழாது. துடுப்புக்கு மூன்று அடுக்காக ஒட்டி, காயும்வரை கனமான புத்தகத்தின் அடியில் வையுங்கள். ஈரத்தோடு எடுத்தால் வளைந்துவிடும், ராக்கெட் சுழன்றுகொண்டே போகும். மூக்குக் கூம்புக்கு வெட்டும் விசிறி வடிவத் தாளின் கோணம் = 360 × அடி ஆரம் ÷ சாய்வு உயரம். ஆரம் 12.5 மிமீ, சாய்வு 61 மிமீ என்றால் சுமார் 74 டிகிரி.

மோட்டாரை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள், கடைச்சரக்கே வாங்குங்கள். 18 மிமீ விட்டமுள்ள ஏ8-3 தொடக்கத்துக்குப் போதும்: ஏ என்பது மோட்டார் எரிந்து முடியும்வரை தரும் மொத்தத் தள்ளல், அதாவது கணத்தாக்கு (2.5 நியூட்டன்-வினாடி வரை), 8 சராசரி உந்துவிசை நியூட்டனில், 3 எரிந்து முடிந்தபின் பாராசூட்டைத் தள்ளும் வெடிப்புக்கு முன் கழியும் வினாடிகள். அந்த வெடிப்பின் சூடு பாராசூட்டைப் பொசுக்காமலிருக்க நடுவில் தீப்பிடிக்காத பஞ்சுத்தாள் கட்டாயம். ஏவும்போது 15 அடியாவது தள்ளி நில்லுங்கள்.

அப்புறம், கூம்பின் அச்சுத்தாளை மட்டும் கூடுதலாக நாலைந்து பிரதி எடுத்து வையுங்கள். இறங்கும்போது முதலில் நசுங்குவது அதுதான். இப்போது என் மூன்றாவது ராக்கெட்டில் இருப்பது நாலாவது மூக்கு.