கார்பன் பவுடர் தெளித்தால் தக்காளி திரளுமா?

கேள்வி: ஒன்றரை ஏக்கரில் தக்காளி போட்டிருக்கிறேன். பிஞ்சு பிடித்தும் காய் பெருக்கவில்லை. ‘கார்பன் பவுடர்’ தெளித்தால் இலை கூடுதலாகச் சர்க்கரை தயாரித்துக் காய் திரளும் என்கிறார் உரக்கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். காயில் சேரும் சர்க்கரைக்கான கார்பனைச் செடி காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. காற்றில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 0.04 சதவீதம்தான். அது இலைத்துளை வழியே உள்ளே போனதும் ருபிஸ்கோ என்ற நொதி அதைப் பிடித்து, அங்கே தயாராக இருக்கும் 5 கார்பன் கொண்ட சேர்மத்தோடு இணைக்கிறது. அது இரண்டாக உடைந்து, வெயிலில் கிடைத்த ஆற்றலைக் கொண்டு சர்க்கரையாகிறது. ருபிஸ்கோ ரொம்ப மந்தம். விநாடிக்கு ஒரு சில மூலக்கூறுகளைத்தான் கையாளும். அதனால் செடி இந்த நொதியை இலையில் குவித்து வைக்கிறது. அதற்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) வேண்டும். துளை திறக்கத் தண்ணீரும் சாம்பல் சத்தும் (பொட்டாஷ்) வேண்டும். காலையில் விரிந்திருந்த இலை மதியம் துவண்டால் துளை மூடிவிட்டது என்று பொருள். அப்போது எந்தப் பவுடரும் உதவாது. இலைமேல் படிந்து வெயிலைத்தான் மறைக்கும்.

விற்பவர் நெதர்லாந்தைக் காட்டுவார். அங்கே கண்ணாடிக் கூடங்களில் கார்பன் டை ஆக்சைடை விட்டுத் தக்காளி வளர்ப்பதும், விளைச்சல் கூடுவதும் உண்மை. ஆனால் அங்கே விடுவது வாயு, பவுடர் அல்ல. அதுவும் கூடம் மூடியிருக்கும்வரைதான் முழுப் பலன். சூட்டுக்காகக் கூரைச் சாளரத்தைத் திறந்தால் வாயு வெளியேறிவிடும். நம் பசுமைக்குடில்களில் பக்கத் திரையைச் சுருட்டிவிடாமல் பயிர் தாங்காது. நிழல்வலையிலும் வாயு நிற்காது. உங்களுடையதோ திறந்த வயல்.

யூரியா வேண்டுமானால் இதையும் எடு என்று கடையில் கட்டாயப்படுத்தினால் பில்லோடு வேளாண்மை உதவி இயக்குநரிடம் எழுதிக் கொடுங்கள். அப்படித் தலையில் கட்டக் கூடாது என்று அரசே சொல்லியிருக்கிறது. பயிர் வளர்ச்சியைத் தூண்டும் என்று விற்கப்படும் உயிர் ஊக்கிகளை 2021இல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்துவிட்டு, தற்காலிகப் பதிவை நீட்டித்து நீட்டித்தே வருடங்களை ஓட்டினார்கள். அந்த இடைவெளியில்தான் கண்ட பாட்டிலும் கடைக்கு வந்தது.

மண் பரிசோதனை முடிவு பல இடங்களில் அறுவடைக்குப் பிறகுதான் கைக்கு வருகிறது. யாருக்கு என்ன பயன்? நேரில் போய்க் கேட்டு வாங்குங்கள். சாம்பல் சத்து குறைவு என்றிருந்தால் சிபாரிசு அளவைப் பிரித்துப் பிரித்துக் கொடுங்கள். தண்ணீரை ஒருநாள் வெள்ளமாகவும் மறுவாரம் காய்ச்சலாகவும் விடாமல் சீராக விடுங்கள். அப்புறம், செடிக்கடியில் வைக்கோல் மூடாக்கு போடுங்கள்.